இடக்கைக்காரிக்கு ஒரு பழைய கலிபர் துவக்கு

கடை மேசைக்குப் பின்னால் நின்று வேலை செய்யத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இத்தாலியில், பலேர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கேட்டார்கள். மூன்று வாரமாக எழுத உட்காருகிறேன், எழும்புகிறேன். வேலையை விட்ட பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை. கறியை அடுப்பில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போகிறேன். கீழே போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரன் கத்துவதைக் கேட்டுவிட்டு உள்ளே வருகிறேன். "சாந்தா, ஒண்டில் இரும், இல்லாட்டி நடவும். உம்மைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்கிறார் கணவர். அதனால் இதை நின்றபடியே எழுதுகிறேன், சமையல் மேசையில் தாளை வைத்து.

உங்களில் ஒருத்தி மருந்துக்கடையில் நிற்கிறாள். ஒருவர் கண்ணாடிக்கடையில். இரண்டு பேர் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் நான் விட்டுவந்த அதே துவக்குக் கடையில். துவக்கை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் இதில் வராது. அதைக் காட்டித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் விட்ட பிழையைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

நான் அந்தக் கடைக்குத் துவக்கு விற்கப் போனவள் அல்ல. கடை முதலாளியான சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைக்கப் போனவள். ஒருநாள் கடையையும் துடைக்கச் சொன்னார். அலுமாரியில் இரண்டு பெட்டிகளுக்குச் சீட்டு மாறி ஒட்டியிருப்பதைக் கண்டு காட்டினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர் அவர். பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த மாதம் மேசைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். இருபத்தாறு வருடம் நின்றேன். சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவள் பலேர்மோவில் துவக்கு விற்கிறாள் என்று எங்கள் ஆட்கள் சிரித்ததுண்டு. ஆயிரக்கணக்கில் கையில் எடுத்திருக்கிறேன். ஒன்றையும் ஒருநாளும் சுட்டதில்லை.

முதல் வருடத்தில் ஒரு பெரியவர் வந்து "ஆறரை" என்று துவக்குக்குப் போடும் ரவை கேட்டார். ஆறரை என்று எழுதியிருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஆறரை மில்லிமீட்டரில் ஐந்தாறு வகை ரவை இருப்பது எனக்குத் தெரியாது. சன்னத்தின் பருமன் ஒன்றுதான். அதைத் தாங்கும் பித்தளைக் கோது ஒவ்வொன்றிலும் வேறு. பழைய கலிபர்களில், அதாவது பழைய ரவை அளவுகளில், இந்தக் குழப்பம் கூட. ஒவ்வொரு நாட்டுப் படையும் தனக்கென்று ஒன்றைச் செய்துவைத்திருந்த காலத்து எண்கள் அவை. பெரியவர் வாசலில் நின்று மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பெட்டியை வாசித்ததால் தப்பினேன். சிஞ்ஞோரா ஏசவில்லை. "இனிமேல் எழுதியிருப்பதை முழுதாக வாய்விட்டு வாசி. வாங்குபவர் காதில் விழவேண்டும்" என்றார். அன்றிலிருந்து வாசித்தேன். என்னைத் தாண்டிப் பிழை ஒன்றும் வெளியே போகாது என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினேன்.

இனி நிவேதாவின் கதை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் கடைக்குள் வந்தாள். இருபத்துநான்கு வயது. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. தகப்பனோடு பக்கத்து ஊரான பகேரியாவில் இருந்தாள். அங்கே ஒரு பழைய வில்லாவின் தோட்டத்தையும் கதவையும் பார்த்துக்கொள்வது தகப்பனின் வேலை. சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர்கள். வரும்போது அவளுக்கு எட்டு வயது. தாய் வரவில்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"அன்ரி, எனக்கு ஒரு கராபினா வேணும். பழைய கலிபர். ஆனா நான் மன்சீனா" என்றாள்.

கராபினா என்றால் நீளக்குழல் துவக்கு, மன்சீனா என்றால் இடக்கைக்காரி. அவள் அதைச் சொன்னபோது இடக்கையைச் சற்று உயர்த்திக் காட்டினாள். நானும் இடக்கைக்காரிதான். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என் இடக்கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டி வலக்கையால் எழுத வைத்தார். இன்றும் என் கையெழுத்து விழுந்தெழும்பித்தான் நடக்கும்.

"உரிமம் இருக்கோ?"

"ஓம். விளையாட்டுக்குச் சுடுற உரிமம். ஒரு வருசமாப் பொலிகோனோவுக்குப் போறன்." பொலிகோனோ என்பது குறி சுடும் மைதானம். பகேரியாவுக்கு மேலே, மலைப்பக்கமாக ஒன்று இருந்தது. "அங்கை மாதத்திலை ஒரு ஞாயிறு பழைய கலிபர்காரர் மட்டும் சுடுவினம். நான் கிளப்பின்ரை துவக்காலை சுடுறன். எனக்கு அந்தச் சுவீடன் ஆறரைதான் பிடிச்சிருக்கு. புதுசுகள் தோளிலை உதைக்கும். இது தள்ளும், அவ்வளவுதான்."

"பிறகு என்ன கரைச்சல்?"

"போல்ட் வலப்பக்கம். நான் இடத்தோளிலை வைச்சுச் சுடுறன். ஒவ்வொரு வெடிக்கும் துவக்குக்கு மேலாலை கையைக் கொண்டுபோய் இழுக்கவேணும். பார்வை விலகிப்போகுது. பயிற்சி குடுக்கிறவர் சொல்லுறார், தோளை மாத்து, வலப்பக்கமாப் பழகு எண்டு."

போல்ட் என்பது சுட்ட கோதை வெளியே தள்ளி அடுத்த ரவையை உள்ளே விட இழுக்கும் பிடி. ஆனால் அவளுடைய கடைசி வசனம்தான் எனக்குச் சுருக்கென்றது. அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்து, இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதனூடாக என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். எந்தக் கண் ஆளுகிறது என்று அறிய அது ஒரு வழி. ஓட்டைக்குப் பின்னால் அவளுடைய இடக்கண் தெரிந்தது. கை, தோள், கண் எல்லாமே இடம். அந்தப் பயிற்சிக்காரர் இதைக்கூடப் பார்க்கவில்லை என்று மனதுக்குள் அவரை ஏசினேன்.

அவளுக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பழைய படைத் துவக்குகள் எல்லாமே வலக்கைக்காரருக்குச் செய்தவை. படையில் இடக்கைக்காரன் வந்தால் அவனை மாற்றினார்கள், துவக்கை மாற்றவில்லை. இடக்கைக்கென்று போல்ட் வைத்த புதுத் துவக்குகள் கடைக்கு வரும், ஆனால் பெரும்பாலும் புதுக் கலிபர்களில். இடக்கைத் துவக்கு ஒன்றை எடுத்துப் பழைய கலிபரில் வேறு குழல் போடலாம்; அப்படிப் போட்டால் வடக்கே அரச சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, மிகைஅழுத்த ரவையால் சுட்டுப் பார்த்து, குழலில் முத்திரை குத்தி வாங்கவேண்டும். அதற்கு மாதங்கள் போகும். கடைசியாக, நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றை ரவைத் துவக்கு. அதற்கு இழுக்கப் போல்டே இல்லை, எந்தக் கைக்கும் பொருந்தும். பழைய கலிபர்களில் தாராளமாகக் கிடைக்கும்.

"ஒவ்வொரு முறையும் மடிச்சுத் திறக்கவேணும். எனக்குப் போல்ட்தான் வேணும்" என்றாள்.

"வாற ஞாயிறுக்கு முதல் ஒண்டும் கிடைக்காது, பிள்ளை."

"பரவாயில்லை, அன்ரி." போகத் திரும்பியவள் நின்றாள். நான் கேட்காமலே சொன்னாள். "எல்லாரும் கேட்பினம், உனக்கு ஏன் இது எண்டு. சின்னனிலை சத்தம் எப்ப வரும் எண்டு தெரியாமல் இருந்தனான். அங்கை நான் விரலை அமத்தினாத்தான் வரும். அதுக்குத்தான்."

அவள் போனபின் கண்ணாடி அலுமாரியை மூன்று தரம் துடைத்தேன்.

வியாழக்கிழமை செஃபாலுவிலிருந்து ஒரு குடும்பம் இறந்துபோன வேட்டைக்காரர் ஒருவருடைய துவக்குகளை விற்றுத்தரச் சொல்லிக் கொண்டுவந்து வைத்தது. நான்கு இருந்தன. மூன்றாவதை எடுத்தபோது என் கை அதன் மேல் இயல்பாகப் படிந்தது. போல்ட் இடப்பக்கம். கூட இருந்த கடதாசியில் வேட்டைக்காரர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: குழல் மாற்றியது, சுவீடன் ஆறரை.

உங்களுக்கு இது விளங்கவேண்டும். இருபத்தாறு வருடத்தில் இடக்கைப் போல்ட்டும் பழைய கலிபரும் ஒரே துவக்கில் சேர்ந்து வந்ததை நான் கண்டதில்லை. இரண்டு நாளைக்கு முன்தான் ஒரு பிள்ளை வந்து அதையே கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு நிலைகொள்ளவில்லை.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. பாவித்த துவக்கு எதுவானாலும் ஆர்மயோலோ பார்க்காமல் வெளியே போகக்கூடாது. ஆர்மயோலோ என்பவர் துவக்குத் திருத்துகிறவர். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். ரவை உட்காரும் அறைக்குள் அளவுத் துண்டு ஒன்றை வைத்து, ஆழம் சரியா என்று பார்ப்பார். இரண்டு நிமிட வேலை. சிஞ்ஞோரா அந்தக் கிழமை தாயாரோடு மருத்துவமனையில் நின்றார். கடை என் பொறுப்பு.

நான் நிவேதாவுக்குத் தொலைபேசி அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடிவந்தாள். இடத்தோளில் வைத்து, இடக்கையால் போல்ட்டை இழுத்தாள். கண் விலகவில்லை, தலை அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அன்ரி, எனக்கெண்டு செய்த மாதிரிக் கிடக்கு."

"செவ்வாய்க்கிழமை ஆர்மயோலோ பாத்தாப் பிறகு எடு."

"ஞாயிறுதான் பழைய கலிபர்காரற்றை நாள். பிறகு ஒரு மாதம் நிக்கவேணும்." அவள் கெஞ்சவில்லை. ஆசையாகச் சொன்னாள். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்.

உரிமத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொன்றும் கேட்டேன். துவக்கு உரிமம் எடுப்பவர் வீட்டில் கூட இருக்கும் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கவேண்டும் என்று இங்கே சட்டம்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

அவள் போல்ட்டை ஒருதரம் திறந்து மூடினாள். "ஓம். தெரியும்."

அந்த இடைவெளி எனக்குக் கேட்டது. கேட்டும் கேளாதவள் போல இருந்தேன். பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினேன். போல்ட் இருக்கும் உடல் பகுதியின் இலக்கத்தைத் துவக்கிலிருந்து பார்த்து எழுதினேன். குழலின் விபரத்தை வேட்டைக்காரரின் கடதாசியிலிருந்து எழுதினேன். குழலைத் திருப்பி அதில் குத்தியிருப்பதை வாசிக்கவில்லை. வெளியே மூன்று பேர் காத்து நின்றார்கள், நானும் சந்தோசமாக இருந்தேன். இரண்டு பெட்டிக் கம்பனி ரவையும் கொடுத்தேன். அவற்றின் பெயரை மட்டும் வழக்கம்போல் வாய்விட்டு முழுதாக வாசித்தேன்.

ஞாயிறு காலை வீட்டில் தோசைக்கல் அடுப்பில் இருந்தது. ஏனோ கை ஓடவில்லை. நான் எழுதிய பதிவு வரிகளை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உடல் இலக்கம் வந்தது. குழல் முத்திரை என்ற இடத்துக்கு வந்ததும் ஒன்றும் வரவில்லை. அங்கே நான் கண்டதென்று எதுவும் இல்லை.

"கடைக்குப் போட்டு வாறன்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை என்ன கடை?" என்றார் கணவர். அடுப்பை நிறுத்தும்படி அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

போர்கோ வெக்கியோவிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அரைவாசித் தூரம் ஓடினேன். கடையைத் திறந்து, துவக்குகள் வந்த அன்று நான் எடுத்து வைத்திருந்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். உடலில் முத்திரை இருந்தது. குழலில் முத்திரை இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. யாரோ வீட்டுப் பட்டறையில் குழலை மாற்றியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்துக்கு அது போகவே இல்லை.

ஒன்பது இருபது. பொலிகோனோவில் பத்து மணிக்குத் தொடங்கும் என்று நினைத்தேன். ஒன்பதுக்கே தொடங்கிவிட்டது என்று பின்னர்தான் தெரிந்தது.

நிவேதாவின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. பொலிகோனோவுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் காதை மூடிக்கொண்டு சுடும் வரிசையில் நிற்பார்கள். மறுபடி அடித்தேன். கராபினியேரிப் பொலிசுக்கு அடிப்பதா என்று யோசித்தேன். குழலில் ஒரு முத்திரை இல்லை என்று நான் தொலைபேசியில் விளங்கப்படுத்தி முடிக்க எவ்வளவு நேரமாகும், அந்தப் பிள்ளைக்கு என்னென்ன கேள்வி வரும் என்றெல்லாம் ஓடியது. இன்றென்றால் யோசிக்காமல் அவர்களுக்கும் அடிப்பேன். கேள்வி வந்தால் வரட்டும். அன்று என் பிழையை மறைக்கும் எண்ணமும் அந்த யோசனைக்குள் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவளுடைய கோப்பில் இரண்டாவது இலக்கம் ஒன்று இருந்தது. அவசரத்துக்கு: அப்பா.

அவர் இருந்த வில்லாவிலிருந்து பொலிகோனோ மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். எனக்கு ரயிலில் போகவே முக்கால் மணி. ஆனால் அவருக்கு அடித்தால், தன் மகள் துவக்கு வைத்திருக்கிறாள் என்பதை அந்த மனிதர் என் வாயால்தான் முதலில் கேட்பார். இலக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கடைக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த ஒரு நிமிடம் இன்றும் என்னை இருக்கவிடுவதில்லை. கடைசியில் அழுத்தினேன்.

"ஆர் கதைக்கிறது?"

"தம்பி, நான் சாந்தா. பொலிதேயாமாவுக்குப் பக்கத்திலை துவக்குக் கடையிலை வேலை செய்யிறன். நிவேதா ஒரு துவக்கு வாங்கினவ, என்னட்டை. அது பிழையான துவக்கு. இப்ப மலைப்பக்கத்துப் பொலிகோனோவிலை நிக்கிறா. சுடவிடாதேங்கோ. கெதியாப் போங்கோ."

"என்ர பிள்ளையோ?" என்றார்.

"ஓம், தம்பி. அது வெடிச்சா முகத்திலை அடிக்கும்."

தொடர்பு அறுந்தது. அவர் போகிறாரா, விழுந்துவிட்டாரா என்றுகூடத் தெரியாமல் கடையைப் பூட்டினேன். வாடகைக் காரில் நிலையத்துக்குப் போய் ரயிலில் ஏறினேன். ரயிலில் இடம் இருந்தும் கதவருகே நின்றேன். பகேரியாவில் இறங்கும்போது தொலைபேசி அடித்தது.

"அக்கா, நிப்பாட்டிப்போட்டன்."

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இருவரும் பொலிகோனோ மதிலுக்கு வெளியே, ஒரு கள்ளிப்பழப் பற்றைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். தகப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்துச் சப்பாத்தோடு வந்திருந்தார். காற்சட்டை முழங்கால் இரண்டிலும் மண். அவர் எப்படி உள்ளே போனார் என்பதைப் பொலிகோனோப் பொறுப்பாளர்தான் எனக்குச் சொன்னார். வாசலுக்குள் ஒரு மனிதர் வந்தார், ஒவ்வொரு வெடிக்கும் நிலத்தில் குந்தினார், எழும்பினார், நாலடி நடந்தார், அடுத்த வெடிக்கு மறுபடி குந்தினார். ஏதோ நோய் வந்தவராக்கும் என்று நினைத்து எல்லோரையும் நிறுத்தச் சொன்னேன் என்றார். சத்தம் நின்ற அந்த இடைவெளியில்தான் தகப்பன் "நிவே" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அவள் ஏற்கெனவே இரண்டு ரவை சுட்டுவிட்டாள். மூன்றாவதை உள்ளே தள்ளிப் போல்ட்டை மூடியிருந்தாள்.

என்னைக் கண்டதும் நிவேதா எழும்பினாள். "ஏன் அப்பாட்டைச் சொன்னனீங்கள்?"

"வேறை வழி தெரியேல்லை, பிள்ளை."

"நானே சொல்லியிருப்பன்."

"எப்ப?" என்றார் தகப்பன். அவர் குரலை உயர்த்தவில்லை. "எட்டு வயசிலை உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தனான். துவக்கு இல்லாத இடத்துக்குக் கொண்டுவாறன் எண்டுதான் நடந்தனான்."

"அப்பா, இது விளையாட்டு. இது வேறை."

"எனக்கு எல்லாத் துவக்கும் ஒண்டுதான்."

அவள் சட்டைப்பையிலிருந்து சுட்ட கோதுகள் இரண்டையும் எடுத்து என் கையில் வைத்தாள். முதலாவதில் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே பித்தளையைச் சுற்றி ஒரு பளபளத்த வளையம். இரண்டாவதில் அதே இடத்தில் மயிர்போல ஒரு கீறல்.

"ரெண்டாவதிலை முகத்திலை சூடு பட்ட மாதிரி இருந்தது, அன்ரி. நான் காத்து எண்டு நினைச்சன்."

காலை முழுவதும் ஓடிய என் கால்கள் அப்போதுதான் நின்றன.

செவ்வாய்க்கிழமை, கடைக்குத் திரும்ப வந்த அந்தத் துவக்கில் ஆர்மயோலோ அளவுத் துண்டை வைத்துப் பார்த்தார். அறை வேண்டியதைவிட ஆழம். குழல் மாற்றியவர் சரியாக இறுக்கவில்லை. செத்துப்போன வேட்டைக்காரர் தன் ரவையைத் தானே நிரப்புகிறவர்; கோதுகளை அந்த ஆழத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டதால் அவருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கம்பனி ரவை போட்டால் கோது இழுபட்டு, மூன்றாவதோ நான்காவதோ பிளந்து, சூடான வாயு பின்னால் பீறியிருக்கும். "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். ஆர்மயோலோ என் முகத்தின் இடப்பக்கத்தைப் பார்த்தார்.

சிஞ்ஞோராவுக்குத் திங்கட்கிழமையே மருத்துவமனைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். அன்றே பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு அறிவித்தார். ஆர்மயோலோ பார்த்த பிறகு துவக்கைக் கொண்டுபோனார்கள், இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிவேதாவையும் கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னதாக எழுதிக் கொடுத்தது பொய் என்று அவள் ஒப்புக்கொண்டாள். எல்லாம் முடியும் வரை உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிஞ்ஞோரா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். "நீ அவளுடைய கைக்கு இரங்கினாய். முகத்துக்கு இரங்கவில்லை."

இதை நான் பலதரம் யோசித்திருக்கிறேன். அவசரப்படுத்தியது அவள் அல்ல. என்னுடைய பாவாடை நாடாவும் அந்த ரீச்சரும்தான் அவசரப்படுத்தினார்கள். எனக்கு நடந்த அநியாயத்தை அவளுக்கு நடக்கவிடக்கூடாது என்று நின்றேன். அந்த நினைப்பில் சட்டம் எனக்குத் தடையாகத் தெரிந்தது. மருந்துக்கடையில் நிற்கும் பிள்ளை, உன்னிடமும் ஒருநாள் உன்னைப் போலவே ஒருத்தி வருவாள். உன் தாயைப் போல ஒருத்தி வருவாள். அவளுக்கு நல்லது செய்ய உன் கை பறக்கும். அந்த நேரம் கையை மேசையில் வை. அன்னியருக்குச் செய்யும் சோதனையை அவளுக்கு இரண்டு தரம் செய்.

இரக்கப்படாதே என்று சொல்கிறேனா என்றால், இல்லை. அப்படி இருந்து பார்த்தேன். அதன்பிறகு சில மாதம் நான் யாரோடும் தேவைக்குமேல் கதைக்காமல், கல்லுப்போல நின்று விற்றேன். கேட்கவேண்டியதையும் கேளாமல் விட்டதால் அதிலும் பிழை வந்தது. இன்னும் சரியான நடு எது என்று எனக்குத் தெரியவில்லை.

நிவேதா ஏழு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. சனிக்கிழமைகளில் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். கடைசியில் ஒரு ஜூன் மாதக் காலையில் வந்தாள். உரிமம் திரும்பக் கிடைத்திருந்தது. தனியே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே, நடைபாதையில், தகப்பன் நின்றார்.

"அப்பா உள்ளுக்கு வரமாட்டார். ஆனா வாங்கிறதெண்டாத் தானும் வாறன் எண்டு சொல்லிப்போட்டார்" என்றாள். பிறகு, "அந்த மடிச்சுத் திறக்கிறது இருக்கோ? ஒற்றை ரவை?" என்றாள்.

இருந்தது. பழைய கலிபர்தான், ஏழு மில்லிமீட்டர், அதுவும் நூறு வருடத்துக்கு மேலான வகை. போல்ட் இல்லை, இடமும் இல்லை வலமும் இல்லை. பாவித்ததுதான், ஆனால் ஆர்மயோலோ பார்த்துக் கையெழுத்து வைத்திருந்தார். நானும் குழலைத் திருப்பி முத்திரைகளை வாசித்துப் பதிந்திருந்தேன். அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். போன முறைபோலச் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வெடிக்கும் நிண்டு திறக்கவேணும். பரவாயில்லை. எனக்கு அவசரமில்லை" என்றாள்.

அப்போது கதவு திறந்தது. தகப்பன் உள்ளே வந்தார். அலுமாரிகளைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்தபடி மேசைவரை வந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அக்கா, இதை ஆர் பாத்தது?"

"ஆர்மயோலோ பாத்தவர், தம்பி. போன செவ்வாய். இஞ்சை கையெழுத்து."

"நீங்கள்?"

"நானும் பாத்தனான்."

"இப்ப பாருங்கோ. எனக்கு முன்னாலை."

எனக்குப் பின்னால் சிஞ்ஞோரா இருந்தார். மேசைக்கு முன்னால் இரண்டு வேட்டைக்காரர்கள் நேரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். நான் துவக்கை மடித்துத் திறந்தேன். வெறுமையாக இருப்பதை அவருக்குக் காட்டினேன். ஆர்மயோலோவின் பெட்டியிலிருந்து அளவுத் துண்டை எடுத்து வைத்து மூடினேன், திறந்தேன், அதைவிடச் சற்று நீளமான மற்றத் துண்டை வைத்தேன், துவக்கு மூடவில்லை. மூடாமல்தான் இருக்கவேண்டும் என்று சொன்னேன். குழலைத் திருப்பி ஒவ்வொரு முத்திரையையும் விரலால் தொட்டு வாய்விட்டு வாசித்தேன். இத்தாலியனில் வாசித்துவிட்டு அவருக்காகத் தமிழில் சொன்னேன். எண்கள், எழுத்துகள், நட்சத்திரம், மணிமுடி. வேட்டைக்காரர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார். தகப்பன் என் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி முத்திரையையும் வாசித்து முடித்து நிமிர்ந்தேன்.

"சரியோ?" என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்காப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன்.